லேப் அரட்டை: டயட்டில் இருக்கும் கிருமி!

ஹாஸ்டல் ரூம்ல எலித் தொல்லைன்னா மசால் வடையில மருந்து வைப்போம். தின்னா ஆள் காலி. ஆனா, ‘நான் டயட்ல இருக்கேன்’னு ஒரு எலி வடையைக் கொறிச்சு மட்டும் பார்த்தா? மலேரியா கிருமி விஷயத்துல இப்போ நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான்!

மலேரியா வகைகளிலேயே ரொம்ப மோசமானது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம். கொசு கடிச்சு உடம்புக்குள்ள வந்ததும் முதல்ல கல்லீரல். அப்புறம் ரத்த சிவப்பணுவுக்குள்ள குடித்தனம். அங்கே இருக்கிற ஹீமோகுளோபினில் பாதிக்கும் மேலே முழுங்கி, தன்னோட உணவுப் பையில செரிச்சு, அமினோ அமிலங்களை எடுத்துக்கும். மனித ஹீமோகுளோபினில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலம் மட்டும் கிடையாது. விடுமா நம்மாளு? சிவப்பணுவின் சுவரிலேயே புது வழி போட்டு, ரத்தத்திலிருந்து அதை இறக்குமதி பண்ணிக்கும்!

ஆனா, இந்த விருந்துல ஒரு வில்லங்கம். ஹீமோகுளோபின் செரிச்ச பிறகு மிஞ்சும் ‘ஹீம்’ கிருமிக்கே விஷம். அதனால அதைப் படிகமாக்கி ஓரம் கட்டிடும். 1934-ல் ஜெர்மனியில் உருவான குளோரோகுயின் கை வச்சது இங்கேதான். படிகமாக விடாது, குப்பையே கிருமிக்கு எமனாகிடும். கிருமி சும்மா இருக்குமா? உணவுப் பையின் சுவரில் ஒரு புரதத்தை மாத்திக்கிட்டு, மருந்தை வெளியே தள்ளக் கத்துக்கிச்சு.

அடுத்து வந்த ஹீரோ, ஆர்ட்டிமிசினின். 1970-களில் ஒரு மூலிகையிலிருந்து இதைக் கண்டுபிடிச்சதுக்காக சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைச்சது. இது ஒரு வெடிகுண்டு மாதிரி. திரியைக் கொளுத்துற தீப்பொறியே அந்த ஹீம்தான். கிருமி எவ்வளவு சாப்பிடுதோ, அவ்வளவு பலமா வெடிக்கும்.

இங்கேதான் ட்விஸ்ட். 2008 வாக்கில் கம்போடியாவில் சில நோயாளிகளுக்கு இந்த மருந்து மெதுவா வேலை செய்ய ஆரம்பிச்சது. காரணம், ‘கெல்ச்13’ என்ற மரபணுவில் மாற்றம். அந்த மாற்றம் என்ன செய்யுதுன்னு 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது: இளம் பருவத்துல கிருமி ஹீமோகுளோபினைக் கம்மியா சாப்பிடுது! சாப்பாடு கம்மி, ஹீம் கம்மி, குண்டு புஸ்ஸு. வளர்ச்சி மந்தமாகும், ஆனா உயிர் பிழைச்சிடும். ஆர்ட்டிமிசினின் ரத்தத்தில் இருப்பதே சில மணி நேரம்தான். அதுவரை அரை வயித்தோட காத்திருந்தா போதுமே!

இதே மரபணு மாற்றங்கள் ருவாண்டா, உகாண்டாவிலும் தலைகாட்டிடுச்சு. கவலை அதுதான். 2023-ல் மலேரியாவுக்குப் பலியான சுமார் 5,97,000 பேரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள்.

அதனாலதான் ஆர்ட்டிமிசினினைத் தனியா அனுப்பாம, ரத்தத்துல ரொம்ப நாள் தங்குற இன்னொரு மருந்தைத் துணைக்குச் சேர்த்து 3 நாள் கொடுக்கிறாங்க. முதல் ஆள் விட்டதை ரெண்டாவது ஆள் பிடிப்பார். ‘காய்ச்சல்தான் விட்டுடுச்சே மச்சி’ன்னு பாதியில மாத்திரையை நிறுத்தினா, பந்தி முடிஞ்சதா நாம நினைப்போம். கிருமி அப்போதான் இலை போட்டு உட்காரும்!