செய்யாதவன் ஏன் ஒத்துக்கணும்?

"செய்யாதவன் எதுக்குய்யா ஒத்துக்கப் போறான்?" போன வாரம் டீக்கடையில ஒரு நண்பர் கேட்டார். சுத்தி இருந்த நாலு பேரும் தலையாட்டினாங்க. எனக்கு வந்த கடுப்புல டீ ஆறிப்போச்சு.

இந்த ஒரு கேள்விக்காகவே வாழ்க்கையைச் செலவழிச்ச மனுஷர் ஒருத்தர் இருக்கார். பேர் கிஸ்லி குட்ஜான்சன். ஐஸ்லாந்துக்காரர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் தடயவியல் உளவியல் பேராசிரியரா இருந்தவர்.

அதுக்கு முன்னாடி, எழுபதுகள்ல, அவர் ரெய்க்யவிக்ல போலீஸ்காரர். ஒரு பெண் பர்ஸைக் காணோம்னு புகார் கொடுத்தாங்க. அவங்களோட சேர்ந்து குடிச்ச ஆளை இவர் விசாரிச்சார். அந்த ஆளுக்கோ போதையில ஒண்ணும் ஞாபகம் இல்லை. "நான்தான் எடுத்திருக்கணும்"னு ஒத்துக்கிட்டான். அப்புறம் பார்த்தா, பர்ஸை யாருமே திருடலை! நடக்காத திருட்டுக்குக் குற்றவாளி ரெடி.

வேற ஆளா இருந்தா ஃபைலை மூடிட்டு மறந்திருப்பாங்க. இவர் மறக்கலை. 1984-ல் ஒரு அளவுகோலை வெளியிட்டார். ஒரு குட்டிக்கதையைப் படிச்சுக் காட்டி 20 கேள்வி. அதுல 15 கேள்வி, கதையில இல்லாததை இருக்கற மாதிரி கேக்கறது. அப்புறம், "நிறைய தப்பு பண்ணிட்டீங்க, சரியாச் சொல்லுங்க"ன்னு அதட்டி, அதே கேள்விகள் மறுபடியும். ஒரு ஆள் எவ்வளவு வளையறார், எத்தனை பதிலை மாத்தறார்னு எண்ணிடலாம். டிவி சீரியல் நிபுணர் மாதிரி கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்ற வித்தை எல்லாம் இங்க இல்லை.

1985-ல் லண்டன் டாட்டன்ஹாம் கலவரத்துல ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். சரியா எழுதப் படிக்கத் தெரியாத எங்கின் ராகிப்புக்கு, விசாரணையில சொன்னதை வெச்சே ஆயுள் தண்டனை. குட்ஜான்சனோட சாட்சியத்தைக் கேட்டு, 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து பண்ணுச்சு.

அவரோட சொந்த ஊர்க் கதை இன்னும் மோசம். 1974-ல் ஐஸ்லாந்துல ரெண்டு பேர் காணாமப் போனாங்க. உடல்கூடக் கிடைக்கலை. ஆனா "ஒத்துக்கிட்ட" இளைஞர்கள் கிடைச்சாங்க. சிலரைத் தனிமைச் சிறையில 600 நாளுக்கு மேல வெச்சிருந்தாங்க. நாளாக நாளாகத் தன் ஞாபகத்து மேலயே நம்பிக்கை போயிடும், 'ஒருவேளை செஞ்சிருப்பேனோ'ன்னு தோண ஆரம்பிச்சுடும். அந்த வாக்குமூலங்களை நம்ப முடியாதுன்னு குட்ஜான்சன் ஆராய்ஞ்சு சொன்னார். 2018-ல் இந்த வழக்குல தண்டிக்கப்பட்ட அஞ்சு பேரை உச்ச நீதிமன்றம் விடுவிச்சுது. அதுல ரெண்டு பேர் ஏற்கெனவே செத்துப் போயிருந்தாங்க. செத்தவன் காதுல விடுதலைன்னு சொல்றதுக்குப் பேர் நீதியா?

"அப்ப ஒத்துக்கறவன் எல்லாம் நிரபராதியா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. இல்லவே இல்லை. வாக்குமூலத்தோட நிறுத்தாதீங்க, ஆதாரத்தோட ஒட்டிப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

டீக்கடை நண்பரே, 600 நாள் வேணாம். தூக்கம் இல்லாம, தனியா, ஒரே கேள்வியை ஒரு வாரம் உங்ககிட்ட கேக்கட்டும். எட்டாவது நாள் நீங்க என்ன சொல்வீங்கன்னு உங்களுக்கே தெரியாது. எனக்கும்தான்.