செயலி மாற்றும் காலம்

மரக்காணத்து உப்பளத்தில் விளைபாத்திகள் சிலவாயிருக்க, நீரிறைக்கும் எந்திரத்தை மட்டும் பெரிதாக்கினால் உப்பு மிகுமோ? விளையாட்டுக் கணினிக்குப் புதிய செயலி வாங்க விரையும் நண்பர்க்கு யாம் கூறுவதும் இதுவே. முதற்கண் குறை எங்குளதென ஆராய்தல் வேண்டும். ரெசல்யூஷனைக் குறைத்தும் நொடிக்குத் தோன்றும் ஃபிரேம்கள் கூடாவிடின் குறை பெரும்பாலும் செயலியினது. கூடுமாயின் கிராபிக்ஸ் அட்டையினது.

செயலியே குறையெனின், உள்ள மதர்போர்டு ஏற்பனவற்றுள் சிறந்ததைத் தேடுக. 2017-இல் ஏ.எம்.டி. ரைசனுடன் வந்த ஏ.எம்.4 போர்டுகள் பல, பயாஸ் புதுப்பித்த அளவில், 2022-இல் வெளிவந்த 5800எக்ஸ்3டி-யையும் ஏற்றன. ஏலாதாயின், போர்டும் நினைவகமும் உடன்மாற்றப் பொருள் சேருமளவும் பொறுத்தலே நன்று. பழைய ஆடையிற் கோடித்துண்டை இணைத்தலாகாதென்னும் உவமையை நாம் அறிவோமன்றோ? வெயிலில் உப்பு வாரிப் பெற்றோர் ஈட்டிய பொருள், ஆராய்ந்த பின்னரே செலவாதல் அறம்.