உறையும் உள்ளிருப்பதும்

உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடையே ஒரு கேள்வி உலவுகிறது: "எம்.கே. 677 மாத்திரை ஹலாலா?" அதன் உறை எந்த விலங்கின் ஜெலட்டினால் ஆனது என்பதே அவர்களின் கவலை. அப்பேணுதல் பாராட்டத்தக்கது. ஆனால் உறைக்குள் இருப்பது என்ன என்று எவரும் கேட்பதில்லை.

"இது ஸ்டீராய்டு அன்று, உங்கள் உடலின் இயல்பான வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டுவது மட்டுமே" என்கிறார்கள் விற்பவர்கள். ஸ்டீராய்டு அன்று என்பது உண்மை. 'இயல்பான' என்னும் சொல்லில்தான் ஏமாற்று இருக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை விட்டுவிட்டு, அளவோடு வெளியிடுகிறது. போதுமென்றால் அடக்கவும் உடலில் ஏற்பாடு உண்டு. பசித்த இரைப்பையில் சுரக்கும் கிரெலின் அச்சுரப்பைத் தூண்டும். அந்தக் கிரெலினைப் போல வேலை செய்வதே இம்மருந்து. எனவே பசி பெருகலாம்; உடலில் நீர் தேங்கலாம்; இரத்தச் சர்க்கரை உயரலாம்.

அறுபதும் அதற்கு மேலும் வயதுடைய 65 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், ஓராண்டில் கொழுப்பல்லாத உடல் எடை ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது, வலிமை கூடவில்லை, சர்க்கரையோ உயர்ந்தது. இடுப்பெலும்பு முறிந்த முதியோரிடம் நடந்த மற்றோர் ஆய்வு, சிலருக்கு இதயச் செயலிழப்பு தென்பட்டதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலிலும் இது உள்ளது. விற்பவர்கள் பலர் புட்டியின் மீதே 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்டுத் தங்கள் பொறுப்பைக் கழித்துக்கொள்கிறார்கள்.

நோய்க்கு மருந்து தேடுவதை மார்க்கம் ஊக்குவிக்கிறது. ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைக்கு மருத்துவர் அளிக்கும் சிகிச்சையை எவரும் குறை கூறலாகாது. நலமாயிருக்கும் இளைஞன் கண்ணாடியில் தெரியும் தோற்றத்திற்காகத் தன் உடலைச் சோதனைக் களமாக்குவது வேறு. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். தீங்கு தரும் பொருள், உறை ஹலாலாக இருப்பதால் மட்டும் ஆகுமானதாகிவிடாது என்பதே என் கருத்து.

பெற்றோர்களே, பிள்ளையின் பையிலுள்ள புட்டியைக் கண்டால் சினம் கொள்ளாமல் அமர்ந்து பேசுங்கள். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் சென்று சர்க்கரையைச் சோதியுங்கள். வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரப்பது உறங்கத் தொடங்கியபின் வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தில். உடற்பயிற்சியும் அதைத் தூண்டும். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். இன்று நம் வீடுகளில் அந்நேரத்தைக் கைப்பேசி விழுங்குகிறது. அதை முதலில் நாம் அணைத்துவைத்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளும் அணைப்பார்கள்.