அங்கே மேய்த்தால் சபுராளி. இங்கே மேய்த்தால் கேவலமா?

சவூதியின் அல்கஸீமிலும் அல்கர்ஜிலும் பேரீச்சந் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவோரில் நம் நாட்டவர் பலர். பாலைவனத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்ப்போரும் உண்டு. அப்படி ஒருவர் இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் ஊர் வந்தால் அவர் பெயர் 'சபுராளி'. கல்யாண வீட்டில் அவருக்கு முன்வரிசை. பெண் வீட்டார் தேடி வருகிறார்கள்.

அதே மனிதர், "பயணம் போதும்" என்று முடித்துக்கொண்டு வந்து, வாப்பா விட்டுச்சென்ற ஒரு ஏக்கர் நஞ்சையில் இறங்கி வரப்பு வெட்டினால் என்ன நடக்கிறது? "பாவம், காசையெல்லாம் தொலைச்சுட்டான் போல" என்று டீக்கடையில் பேச்சு. "வயல்ல இறங்கவா துபாய் போனான்?" என்று சொந்தக்காரர்களின் கிண்டல்.

வேலை ஒன்றுதான். கையும் ஒன்றுதான். மாறியது மண் மட்டுமே! அந்நியன் மண்ணில் குனிந்தால் கௌரவம், சொந்த மண்ணில் குனிந்தால் அவமானம் என்ற இந்த அளவுகோலை நமக்குக் கொடுத்தது யார்?

நிச்சயமாக மார்க்கம் கொடுக்கவில்லை. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது அவருக்குத் தர்மமாகும் என்று அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மக்காவிலிருந்து ஹிஜ்ரத் செய்து வந்தவர்களோ வியாபாரக் குலத்தார். மதீனத்து அன்ஸாரிகளின் பேரீச்சந் தோட்டங்களில் அவர்கள் உழைத்து, விளைச்சலில் பங்கு பெற்றார்கள். "வியாபாரியின் மகன் தோட்ட வேலை செய்வதா?" என்று மதீனா கேட்கவில்லை.

பிறகு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது? கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை போன்ற நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பர்மா, மலாயா, சிலோன் என்று தொழிலுக்குப் போனார்கள். 1973க்குப் பிறகு எண்ணெய்ப் பணம் பெருகியதும் வளைகுடா வந்தது. நிலம் இருந்த குடும்பங்களும் அதைக் குத்தகைக்கு விட்டன. உழுதவர் வேறு, உண்டவர் நாம். சேற்றில் இறங்குகிறவன் தாழ்ந்தவன் என்பது இஸ்லாம் சொன்னதல்ல, சாதி சொன்னது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, வரப்போரம் வந்ததும் அந்தச் சாதிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வது என்ன நியாயம்?

இதை வெறும் ஊர்ப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. திரும்பி வந்தவர் ஆறே மாதத்தில் இந்தப் பேச்சுக்குப் பயந்து மீண்டும் விசாவுக்குக் கடன் வாங்குகிறார். ஐம்பது வயதில், சர்க்கரை வியாதியோடு, மறுபடியும் கேம்ப் கட்டிலில் போய்ப் படுக்கிறார். பிள்ளைகளுக்கு வாப்பா என்பது தொலைபேசியில் கேட்கும் குரலாகவே நின்றுபோகிறது.

அந்நிய மண்ணோ நிரந்தரமில்லை. 1964இல் பர்மாவில் கடைகள் அரசுடைமையாயின. 1990இல் குவைத்திலிருந்து உடுத்திய துணியோடு வந்தார்கள். 2011இல் சவூதியில் நிதாகத் வந்தது. 2020இல் கொரோனா வேலையைப் பறித்தது. இத்தனைக்குப் பிறகுமா சொந்த நிலத்தை நம்புகிறவனைப் பார்த்துச் சிரிப்பது?

விவசாயம் லாபம் கொழிக்கும் தொழில் என்று நாம் சொல்லவில்லை. 2016இல் காவிரி வறண்டு சம்பா கருகியது. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கணக்குப் பார்த்து இறங்க வேண்டிய தொழில்தான். நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்வார். ஊரின் ஏளனத்தையும் சேர்த்துச் சுமக்க அவரால் முடியாது.

எனவே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, சம்பந்தம் பேசும்போது "மாப்பிள்ளை எந்த நாடு?" என்ற கேள்வியை நிறுத்துங்கள். "தொழுகையாளியா? ஹலாலாகச் சம்பாதிக்கிறாரா? மனைவியோடு இருந்து குடும்பம் நடத்துவாரா?" என்று கேளுங்கள். பெண்ணைப் பெற்ற தாய்மார்களே, இந்தக் கேள்வியை மாற்றும் சக்தி உங்களிடம்தான் அதிகம்.

இரண்டாவது, பள்ளிவாசலுக்கு வக்ஃபு நிலம் இருந்து, அதைச் சட்டப்படி குத்தகைக்கு விடும்போது, நாலு பேருக்குள் முடித்துவிடாமல் ஜும்ஆவில் பகிரங்கமாக அறிவியுங்கள். ஊர் திரும்பியவருக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும்.

மூன்றாவது, பைத்துல்மாலில் விதைக்கும் மோட்டார் பழுதுக்கும் வட்டியில்லாக் கடன் கொடுங்கள். மழையிலும் ஆற்றுநீரிலும் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கும், இறைத்துப் பாய்ச்சி விளைந்ததில் இருபதில் ஒரு பங்கும் ஜகாத் கடமை என்பதை எத்தனை ஊர்களில் எடுத்துச் சொல்கிறோம்? விளைவிக்கிறவர் பெருகினால் ஏழைகளின் பங்கும் பெருகும்.

நான்காவது, பயணத்தில் இருக்கும் சகோதரர்களுக்கு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலம் விலைக்கு வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம். ஆகவே, இருக்கும் பூர்வீக நிலத்தை மார்பிள் தரைக்காகவும் கைக்கூலிக்காகவும் மனைக்கட்டாக விற்றுவிடாதீர்கள். ஒருநாள் திரும்பி வருவீர்கள். அன்று கால் ஊன்ற ஒரு துண்டு மண் வேண்டும்.

நாளை உங்கள் தெருவில் ஒரு முன்னாள் சபுராளி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தால், முந்திக்கொண்டு ஸலாம் சொல்லுங்கள். அவர் தோற்றுத் திரும்பியவர் அல்லர். தன் வீட்டுக்குத் திரும்பியவர்!