வாழைக்காய்க்கு உண்டு, ஊறுகாய்க்கு இல்லை

போன மாதம் எங்கள் வகுப்பில் எல்லோரும் கடை போட்டுத் தின்பண்டம் விற்றோம். (பி.காம். ஆச்சே, லாபநட்டக் கணக்கு எழுதாமல் விடுவார்களா!) பேனருக்கு நான் எழுதிக் கொடுத்தது ‘உணவுத் திருவிழா’. வந்து தொங்கியது ‘உணவு திருவிழா’. சீனியர் அண்ணன் ஒருவரிடம் போய்க் கேட்டேன். "அட விடு தம்பி, அந்த ‘த்’ எல்லாம் தமிழய்யாவுக்கு. சனங்களுக்குப் படிச்சாப் புரிஞ்சாப் போதும்" என்றார்.

அதே அண்ணன் அன்றைக்கு முழுக்க ஆப்பக் கடையில் நின்றுகொண்டு "தேங்காப்பால், தேங்காப்பால்" என்று கூவிக்கொண்டிருந்தார். வாய் ஒழுங்காக ‘ப்’ போடுகிறது, கைதான் திருடுகிறது!

மக்களே, ஒற்று என்பது அலங்காரம் இல்லை. தமிழில் ‘க’ ஒன்றுதான், ஒலி மூன்று. ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இரட்டித்தால் வன்மை, மெல்லினத்துக்குப் பின்னால் மென்மை, தனியாக மாட்டினால் கிட்டத்தட்ட ‘ஹ’. அதனால்தான் வாழைக்காயில் காய் அழுத்தமாக வருகிறது, ஊறுகாயில் இளகி வருகிறது. ஊறுகாய் வினைத்தொகை, ஒற்று மிகாது. இந்தப் பெயர் தெரியாத எங்கள் அம்மாயி ஒருநாளும் ‘ஊறுக்காய்’ என்று சொன்னதில்லை.

பொருளும் மாறும். ‘நகைக்கடை ஏலம்’ என்றால் கடை ஏலத்துக்கு வருகிறது. ‘நகை கடை ஏலம்’ என்றால் நகையும் வருகிறது, கடையும் வருகிறது. வெற்றிலை பாக்கு மாதிரி இரண்டு சாமான். வணிகவியல் படிக்கிறவன் இதில் அலட்சியம் காட்டலாமா?

நம் ஊர்ப் பெயரையே எடுங்கள். பெருமை + துறை. ‘மை’ போய் ‘ந்’ வந்து பெருந்துறை. அந்த ‘ந்’ வந்ததால்தான் ‘துணி’யில் இருக்கும் ‘து’ இங்கே ‘பந்து’வில் வரும் ‘து’வாகிறது. இந்த விதியை 13ஆம் நூற்றாண்டு நன்னூலில் பவணந்தி முனிவர் எழுதி வைத்திருக்கிறார். அவர் ஊரான சனகை என்பது நம் பக்கத்துச் சீனாபுரம்தான் என்பார்கள். மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு, விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை :-)

‘உலகத்தில் யாரும் இப்படிக் கஷ்டப்படுவதில்லை’ என்பது அடுத்த சாக்கு. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை கோட்டை வைத்திருந்தார்களே டேனிஷ்காரர்கள், அவர்கள் மொழியைப் பாருங்கள். தொகைச்சொல் எத்தனை நீளமானாலும் ஒரே சொல்லாகத்தான் எழுத வேண்டும். ‘டேனிஷ்’, ‘ஆசிரியர்’ இரண்டையும் சேர்த்து எழுதினால் டேனிஷ் மொழி கற்பிப்பவர், பிரித்து எழுதினால் டென்மார்க்கில் பிறந்த ஆசிரியர். சேர்ந்தால் முதல் சொல்லில்தான் அழுத்தம். அங்கேயும் ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழி முழுவதையும் அண்ணன் தலையில் போடவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் நமக்கு ‘வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள்’ என்று பட்டியலை ஒப்பிக்க வைத்தார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். "வாயால் சொல்லிப் பார்றா, காது சொல்லும்" என்று ஒருவராவது சொல்லியிருக்கலாம். காது எப்போதும் சரியாகச் சொல்லாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்துக்கு ஏழெட்டு தேறும்.

அடுத்த பேனரின் அச்சுப்படியை நான்தான் பார்க்கப் போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "ஒரு எழுத்துக்கு எவ்வளவு சாஸ்தி ஆகும்?" என்று கேட்டார். பேனருக்குச் சதுர அடிக் கணக்குங்கண்ணா, எழுத்துக் கணக்கில்லை!