'காற்று' என்பதன் மூலவடிவம்: ஒரு மீள்பார்வை

தமிழ், மலையாள மொழிகளின் 'காற்று', தெலுங்கின் 'காலி', கன்னடத்தின் 'காளி' ஆகியவற்றை ஒரே மூலத்துள் அடக்குவது மறுஆய்வுக்குரியது. பின்னிரண்டின் முதலொலி ஒலிப்புடைய ககரம். மூலத்திராவிடத்தில் மொழிமுதல் ஒலிப்பு வெடிப்பொலி இன்மையின் அது பிற்கால வளர்ச்சியாகலாம். சிக்கல் இடையொலியிலேயே உள்ளது. கல் > கற்று, கேள் > கேட்டு என்னும் நெறிப்படி, 'காற்று' லகர ஈற்றுக் 'கால்' என்பதிலிருந்தே தோன்றும். சங்க இலக்கியத்திலும் 'கால்' காற்றைக் குறிக்கிறது. லகர ளகர வேறுபாட்டைப் பேணும் கன்னடத்திலோ ளகரம் நிற்கிறது. 'கள்' தெலுங்கில் 'கல்லு' ஆவதால், அம்மொழியின் லகரம் இருபுறமும் பொருந்தும்.

துருக்கியின் 'யெல்', கசாக்கின் 'ஜெல்', சுவாசு மொழியின் 'சில்' ஆகியன பிற சொற்களிலும் காணப்படும் ஒழுங்கான முதலொலி இணைவால் ஒரே மூலத்தைச் சுட்டுகின்றன. அத்தகைய ஒழுங்கு இங்கு இல்லை. 'வளி'யின் ளகரம் கன்னட வடிவில் படிந்திருக்கலாம் என்பது ஊகமே. அதனை வட்டார வழக்குகளைக் கொண்டே சோதிக்க இயலும்.

பன்மொழித் தொழிலாளர் கூடும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடம் அதற்கு ஏற்ற களமாகும். பேசுவோரின் சொந்த ஊரோடு சொல்லையும் பதிவுசெய்தல் வேண்டும். பொதுமொழிக் கலப்பில் ஊர்வழக்கு மறையுமுன் தமிழ்த்துறைகள் இப்பணியை மேற்கொள்ளுதல் தகும். அதுவரை 'கால்', 'காள்' என்னும் இரு மூலங்களைத் தனித்தனியே வைப்பதே நெறி.