காய்ந்து கிடந்தாலும் ஓடை ஓடைதான்!

''மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றபோது, கண்மாய்கள் அழிந்துவிடும் என்று விவசாயிகள் போராடினார்கள். எங்கள் பகுதியும் கண்மாய்ப் பாசனம்தான். ஆனால், வருடத்தில் பல மாதம் ஓடையில் தண்ணீர் இருக்காது. நாளைக்கு இங்கே ஒரு சுரங்கமோ, பெரிய கல்குவாரியோ வந்தால், 'இங்குதான் தண்ணீரே இல்லையே' என்று எழுதிவிட மாட்டார்களா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?''

- வாசகர், வ.புதுப்பட்டி.

உங்கள் பயம் நியாயமானதுதான். முதலில் மேலூர் விஷயம். 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பகுதி 2,015.51 ஹெக்டேர் ஏலம் போனது. அதற்குள் வரும் அரிட்டாபட்டியை 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பர்யத் தலமாகத் தமிழக அரசு அறிவித்திருந்தது. அங்குள்ள 7 குன்றுகளில் பெய்யும் மழைதான் 72 ஏரிகளுக்கும், 200 சுனைகளுக்கும், 3 தடுப்பணைகளுக்கும் ஆதாரம் என்று அப்போதே பதிவாகியிருந்தது. மக்கள் போராட்டம், சட்டமன்றத் தீர்மானம் எல்லாவற்றுக்கும் பிறகு, 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தண்ணீர்க் கணக்கு முன்கூட்டியே எழுத்தில் இருந்தது, போராடியவர்கள் கையில் ஆதாரமாக நின்றது.

சுரங்கத்துக்கான சுற்றுச்சூழல் ஆய்வில், பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தில் மட்டுமே நீர் மாதிரி எடுப்பார்கள். மார்ச் முதல் மே வரை எடுத்தால், நம் ஓடை மணலாகத்தான் கிடக்கும். இன்னொரு வேடிக்கை, மத்திய அரசின் பொதுவான ஆய்வு வரையறையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'மழைக்குப் பிந்தைய காலம்'. நமக்கு ஐப்பசி, கார்த்திகைதான் அடைமழை! அதேசமயம், குத்தகை நிலத்துக்குள் போகும் ஓடை பருவகால ஓடையாக இருந்தாலும், அதைத் திருப்பினால் என்ன பாதிப்பு என்று சொல்ல வேண்டும் என்பதும் அதே வரையறையில் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மானாவாரிச் சீமையில் நாலு நல்ல மழைதான் கண்மாயை நிரப்புகிறது. வரத்துக்கால்வாயின் குறுக்கே பள்ளம் விழுந்தால், அந்த மழை பள்ளத்தில் இறங்கிவிடும். குவித்து வைக்கும் மண் கரைந்து வந்து கண்மாயை மேடாக்கும். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால், சுற்றுக்கிணறுகள் இறங்கும்.

உங்கள் பகுதியில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைத் தண்ணீரும், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் கண்மாய்களுக்கு வருகின்றன. எனவே, சுரங்கப் பேச்சு வரும்வரை காத்திருக்காமல், வரும் ஐப்பசியிலேயே இந்த வேலைகளைத் தொடங்குங்கள்.

1. மடைச் சுவரில் அடிக்கணக்குக் கோடு போட்டு, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். ஓடை ஓடிய நாள்கள், மறுகால் பாய்ந்த நாள்களைத் தேதி தெரியும் போட்டோவுடன் வையுங்கள்.

2. பத்துக் கிணறுகளைத் தேர்வு செய்து, மாதம் ஒருமுறை கயிறு விட்டு ஆழம் அளந்து எழுதுங்கள்.

3. மழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை கிணற்று நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து உப்பின் அளவு பாருங்கள். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள்.

4. கிராம வரைபடத்தில் ஓடை, வரத்துக்கால்வாய்களின் சர்வே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவில் விடுபட்டிருந்தால், தாசில்தாரிடம் மனு கொடுங்கள்.

திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், 30 நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கையைக் கலெக்டர் அலுவலகத்தில் பார்க்கலாம். சுருக்கம் தமிழிலும் இருக்கும். உங்கள் நோட்டின் நகலோடு எழுத்து மூலமாகக் கருத்தைக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். டங்ஸ்டன் போன்ற முக்கியக் கனிமங்களுக்கு இந்தக் கூட்டமே தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு கொடுத்துவிட்டது. பேச மேடை கிடைக்காத இடத்தில், அந்த நோட்டுதான் உங்களுக்காகப் பேச வேண்டும்.

ஒரு வருடக் கணக்கு போதாது. மழை ஏமாற்றும் வருடமும் உண்டு. பாசன சங்கத்தில் இரண்டு இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுத்து, வருடா வருடம் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சுரங்கம் வராமலே போனாலும் நஷ்டமில்லை. எந்த வருடம் நெல் போடலாம், எந்த வருடம் பயறோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் அதே நோட்டு சொல்லும்.